இ.சி.எச்.எஸ். கார்டு: விண்ணப்பத்தைத் திறக்கும் முன்னும் பின்னும் (கோவை, ஈரோடு, திருப்பூர், கரூர், நாமக்கல் பக்கம்)

#1 | சென்னிமலை அடிவாரம்

வணக்கமுங்க. முன்னாள் படைவீரர் மருத்துவத் திட்டமான இ.சி.எச்.எஸ்.ஸில் சேருவது பற்றிய கேள்விகள் அங்கங்கே சிதறிக் கிடக்குது. எல்லாத்தையும் இந்த இழையில் சேர்த்துப் போட்டுடலாம். விவரம் தெரிந்தவங்க திருத்துங்க, விட்டதைச் சேருங்க.

முதலில் யாருக்கு உண்டு என்பது. படையில் இருந்தார் என்பது மட்டும் போதாதுங்க. பொதுவாக ஓய்வூதியம் வாங்குபவராக இருக்கணும்: சாதாரண ஓய்வூதியம், ஊனமுற்றோர் ஓய்வூதியம், குடும்ப ஓய்வூதியம், இவற்றில் ஏதாவது ஒன்று. 2003 ஏப்ரல் 1 அன்று திட்டம் தொடங்கியது. அந்தத் தேதிக்குப் பின்னால் ஓய்வு பெற்ற எல்லாருக்கும் இது கட்டாயம். சந்தாவை ஓய்வுக்காலப் பணத்திலேயே பிடித்துவிடுவாங்க, பிடித்த விவரம் பி.பி.ஓ.வில் (ஓய்வூதிய ஆணையில்) வரும். அதற்கு முன்னால் வந்தவங்களுக்கு விருப்பம்தான், ஆனால் எப்போது வேண்டுமானாலும் சேரலாம். வயது வரம்பு இல்லை, மருத்துவப் பரிசோதனை இல்லை. ஏற்கெனவே சர்க்கரை, இதய நோய் இருக்கிறது என்று யாரையும் தள்ள மாட்டாங்க. சிகிச்சைக்கு ஆண்டு உச்சவரம்பும் கிடையாது.

சந்தா ஒரே ஒரு முறை. 7ஆவது ஊதியக்குழுவுக்குப் பின் வந்த விகிதம்: ரெக்ரூட் முதல் ஹவில்தார் வரை 30,000 ரூபாய், பொது வார்டு. நாயிப் சுபேதார், சுபேதார், சுபேதார் மேஜர் 67,000 ரூபாய், செமி பிரைவேட் வார்டு. அதிகாரிகள் 1,20,000 ரூபாய், பிரைவேட் வார்டு. கடற்படை, விமானப்படையில் இதற்குச் சமமான பதவிகளுக்கும் இதேதான். ஆனரரி (கௌரவ) நாயிப் சுபேதார், எம்.ஏ.சி.பி. (பணிக்காலத்தை வைத்து வரும் ஊதிய உயர்வு) நாயிப் சுபேதார், ஆனரரி லெப்டினன்ட், ஆனரரி கேப்டன் நால்வரும் 67,000 வரிசையில் வருவாங்க. ஹவில்தாராக வெளியே வந்து பிறகு ஆனரரி பதவி கிடைத்தவங்க இதைக் கவனிக்கணும். கார்டில் எந்த வார்டு ஏறியிருக்கிறதோ அதைத்தான் ஆஸ்பத்திரியில் பார்ப்பாங்க.

1996 ஜனவரி 1க்கு முன் ஓய்வு பெற்றவங்களுக்கும், போரில் கணவரை இழந்தவங்களுக்கும், போர்க் காயத்தால் ஊனமடைந்தவங்களுக்கும் சந்தா முழு விலக்கு.

இனி முக்கியமான விஷயம். திரும்பி வரும் விண்ணப்பங்களில் பெரும்பாலானவை கணினியில் தட்டியதில் வந்த பிழையால் திரும்புவதில்லை. ரெக்கார்ட் ஆபீஸ் (படைவீரரின் பணிப் பதிவை வைத்திருக்கும் அலுவலகம்) பதிவும் ஆதாரும் ஒன்றோடொன்று ஒத்துப்போகாததால்தான் திரும்புது. அதனால் இணையதளத்தைத் திறப்பதற்கு முன்னால் ஒரு மேசை மேலே டிஸ்சார்ஜ் புக் (பணி முடித்து வரும்போது தரும் புத்தகம்), பி.பி.ஓ., எல்லாருடைய ஆதார், பான், பிள்ளைகளின் பிறப்புச் சான்று, எல்லாத்தையும் பரப்பி வைத்து, ஒவ்வொரு பெயரையும் ஒவ்வொரு பிறந்த தேதியையும் எழுத்துக்கு எழுத்து ஒப்பிடுங்க. ஒப்பிட்ட பிறகு விண்ணப்பம் அரை நாள் வேலை. ஒப்பிடாமல் போட்டால் மாதக்கணக்கில் இழுக்கும்.

#2 | பவானிக்கரை

அண்ணா சொன்ன கடைசி பத்தியைத்தான் நான் விரிக்கறேனுங்க. நம்ம பக்கத்துப் பெயர்களில் என்னென்ன இடறும்னு பார்க்கலாம்.

ஒன்று இனிஷியல். டிஸ்சார்ஜ் புக்கில் "கே. பழனிசாமி". ஆதாரில் "பழனிசாமி கே". பான் கார்டில் இனிஷியலை விரித்து அப்பா பெயரோடு "பழனிசாமி குப்புசாமி". ஊரில் எல்லாரும் ஒரே ஆள்னு சொல்லுவாங்க, கணினிக்கு இது மூணு ஆள். இனிஷியல் முன்னே பின்னே இருப்பதை மட்டும் சரிபார்க்கும் அலுவலர் பெரும்பாலும் ஏத்துக்குவார். இனிஷியல் விரிந்திருந்தால் கேள்வி வரும்.

இரண்டு எழுத்துக்கூட்டு. சாமி, சுவாமி, ச்சாமி. ஆங்கிலத்தில் எழுதும்போது ஒரே பெயரை நாலு விதமா எழுதியிருப்பாங்க. ஆள் சேர்ப்பின்போது கிளார்க் காதில் விழுந்ததை எழுதினது அப்படியே 20 வருசம் ஓடியிருக்கும்.

மூணு, வீட்டுக்காரம்மா பெயர். கல்யாணத்துக்கு முன்னால அப்பா இனிஷியல், பிறகு கணவர் இனிஷியல். பள்ளிச் சான்றிதழில் ஒன்று, ரேஷன் கார்டில் ஒன்று. பிறந்த தேதி இன்னும் மோசம்: பழைய கிண்ட்ரெட் ரோலில் (பணிப் பதிவில் இருக்கும் குடும்பத்தார் பட்டியல்) வருசம் மட்டும் இருக்கும், ஆதாரில் ஜூலை 1ன்னு ஒரு குத்துமதிப்புத் தேதி இருக்கும்.

எதைத் திருத்தறது? படைவீரர் தன் சொந்தப் பெயர், பிறந்த தேதியில் வேறுபாடு இருந்தால், பணிப் பதிவைத் தொடாதீங்க. ஓய்வுக்குப் பிறகு அதை மாற்றுவது அநேகமா நடக்காத காரியம். ஆதாரைத்தான் பணிப் பதிவுக்கு ஏற்றபடி கொண்டு வரணும். ஆதாரில் பெயரை வாழ்நாளில் 2 முறையும் பிறந்த தேதியை 1 முறையும்தான் மாற்ற முடியும். அதனால முதல் முறையே எழுத்து பிசகாமல் கொடுங்க.

மனைவி, பிள்ளைகள் விஷயத்தில் எது தப்போ அதைத் திருத்தலாம். பிறப்புச் சான்று சரியா இருந்து பணிப் பதிவு தப்பா இருந்தா, ரெக்கார்ட் ஆபீஸில் பார்ட் டூ ஆர்டர் (குடும்ப விவரத்தைப் பணிப் பதிவில் ஏற்றும் ஆணை) போட வைக்கணும். பெரும்பாலான ரெக்கார்ட் ஆபீஸ்கள் கேட்பது: நோட்டரி அல்லது மாஜிஸ்ட்ரேட் முன் எடுத்த உறுதிமொழிப் பத்திரம், 2 செய்தித்தாளில் கொடுத்த அறிவிப்பு (ஒன்று ஆங்கிலம், ஒன்று தமிழ்), ஆதார், பான் நகல், டிஸ்சார்ஜ் புக்கில் அந்தப் பக்கத்தின் நகல். இதையெல்லாம் மாவட்ட முன்னாள் படைவீரர் நல அலுவலகம் வழியா அனுப்புங்க. நேரா தபாலில் போட்டதைவிட அலுவலகக் கடிதத்தோடு போனதுக்குப் பதில் வரும் வாய்ப்பு அதிகம். அனுப்பிய கடித எண்ணையும் தேதியையும் வாங்கி வைச்சுக்கோங்க.

#3 | நொய்யல்

பவானிக்கரை சொன்னதோடு ஒரு சேர்க்கை. எந்த ரெக்கார்ட் ஆபீஸுக்கு எழுதணும் என்பதிலேயே பலர் தடுமாறுறாங்க. ஊர் வெலிங்டனுக்குப் பக்கம் என்பதால் எல்லாம் வெலிங்டன் என்று நினைக்கக் கூடாது. மெட்ராஸ் ரெஜிமென்ட்டுக்கு மட்டும்தான் வெலிங்டன். மெட்ராஸ் இன்ஜினியர் குரூப் பெங்களூரு. ஏ.எஸ்.சி. (வழங்கல் பிரிவு) தெற்கும் பெங்களூரு. இ.எம்.இ. (இயந்திரப் பராமரிப்புப் பிரிவு) செகந்திராபாத். சிக்னல்ஸ் ஜபல்பூர். ஆர்ட்டிலரி நாசிக் ரோடு. ஏ.எம்.சி. (மருத்துவப் பிரிவு) லக்னோ. டி.எஸ்.சி. (ராணுவ இடங்களுக்குக் காவல் நிற்கும் பிரிவு) கண்ணூர். விமானப்படை டெல்லி, கடற்படை மாலுமிகளுக்கு மும்பை. முதல் பணி ஒரு ரெஜிமென்ட், பிறகு டி.எஸ்.சி. என்று இரண்டாவது பணியும் செய்தவங்க, எந்த ஓய்வூதியத்தின் கீழ் கார்டு எடுக்கறாங்களோ அந்த ரெக்கார்ட் ஆபீஸைப் பிடிக்கணும்.

இன்னும் பணியில் இருப்பவங்க இதைப் படித்தால்: பென்ஷனுக்குப் போகும் முன்னால், யூனிட்டில் இருக்கும்போதே மனைவி, பிள்ளைகள் எல்லாருக்கும் பார்ட் டூ ஆர்டர் வந்திருக்கிறதா என்று பார்த்துவிடுங்க. யூனிட் கிளார்க் மேசையில் நடந்துபோய் முடிக்கிற வேலை அது. வெளியே வந்தபின் அதே வேலைக்கு பத்திரம், விளம்பரம், கடிதம் என்று அலைச்சல்.

#4 | தாராபுரம் ரோடு

ஒரு கேள்விங்க. 1994இல் ஓய்வு பெற்ற ஹவில்தார், வயது 76. இதுவரை சேரவில்லை. மாதாமாதம் மருத்துவப்படி வந்துட்டு இருக்கு. இப்போ சேரலாமா, எவ்வளவு கட்டணும்? எந்த பாலிகிளினிக் (இ.சி.எச்.எஸ். மருத்துவ நிலையம்) போடறது, கோவையா ஈரோடா?

#5 | சென்னிமலை அடிவாரம்

தாராளமாச் சேரலாம். 1996க்கு முந்தின ஓய்வு என்பதால் சந்தா ஒரு பைசா இல்லை. கார்டுக்கான கட்டணம் மட்டும் தனி, அதுவும் சிறு தொகை. படைவீரர், மனைவி, சார்ந்தோர் ஒவ்வொருவருக்கும் தனித்தனி கார்டு, தனித்தனி கட்டணம்.

நீங்க சொல்லும் மருத்துவப்படி எஃப்.எம்.ஏ., மாதம் 1,000 ரூபாய். இதை விட்டுக் கொடுத்தால்தான் கார்டு. இரண்டும் சேர்ந்து ஓடக் கூடாது. படி நிறுத்தப்பட்டதற்கான சான்றை விண்ணப்பத்தோடு வைக்கணும். வங்கி வழியாக ஓய்வூதியம் வருபவங்க வங்கியில் கேட்டு வாங்கணும். ஸ்பர்ஷுக்கு (பாதுகாப்புத் துறையின் ஓய்வூதிய இணையதளம்) மாறியவங்க அங்கே கோரிக்கை பதிவு செய்யணும். கார்டு வந்த பிறகும் 1,000 ரூபாய் தொடர்ந்து வந்தால் சும்மா இருந்துவிடாதீங்க. பின்னால் மொத்தமாகக் கணக்குப் பார்த்து ஓய்வூதியத்தில் பிடிப்பாங்க.

76 வயதில் ஆண்டுக்கு 12,000 ரூபாயா, உச்சவரம்பில்லாத சிகிச்சையா என்று யோசிக்கவே வேண்டியதில்லைங்க. ஒரு பைபாஸ் ஆபரேஷனுக்கு எத்தனை வருசத்துப் படி ஈடாகும் என்று கணக்குப் போட்டுப் பாருங்க. இன்றைக்கே தொடங்குங்க.

தாராபுரத்திலிருந்து இரண்டும் ஏறத்தாழ ஒரே தூரம்தான். நோயைப் பார்த்து முடிவு பண்ணுங்க. இதயம், சிறுநீரகம், புற்று என்று பெரிய ஆஸ்பத்திரிக்கு அடிக்கடி போக வேண்டியிருந்தால் கோவை. மாதாந்திர மாத்திரை மட்டும் என்றால் எந்தப் பஸ் சுலபமோ அது. கார்டு நாட்டில் எந்த பாலிகிளினிக்கிலும் செல்லும். ஆனால் செலவுத் தொகைக் கோரிக்கை, கார்டு ஆக்டிவேஷன், சார்ந்தோர் சரிபார்ப்பு இதெல்லாம் தாய் பாலிகிளினிக் (விண்ணப்பத்தில் நீங்க தேர்ந்தெடுத்தது) வழியாகத்தான். பிறகு மாற்றிக்கொள்ளவும் வழி உண்டு.

#6 | பவானிக்கரை

இணையத்தில் போடுவதை வரிசையாச் சொல்லிடறேன்.

இ.சி.எச்.எஸ். அதிகாரப்பூர்வ இணையதளத்தில் ஸ்மார்ட் கார்டு விண்ணப்பம் இருக்குது. தேடல் பெட்டியில் அடிச்சு வர்ற முதல் பக்கத்தைத் திறக்காதீங்க, ஏஜென்ட் பக்கமா இருக்கலாம். இ.சி.எச்.எஸ். முகப்புப் பக்கத்திலிருந்தே உள்ளே போங்க. கைப்பேசி எண், மின்னஞ்சல் கொடுத்துப் பதிவு பண்ணணும். அந்தக் கைப்பேசி எண் வீட்டில் நிரந்தரமா இருக்கும் எண்ணா இருக்கட்டும். இ-சேவை மையத்துக்காரர் எண்ணையோ வெளிநாட்டில் இருக்கிற மகன் எண்ணையோ கொடுத்தீங்கன்னா, பிறகு ஓ.டி.பி. ஒவ்வொன்றுக்கும் அவங்களைத் தேடணும்.

பிறகு பணி எண், பதவி, ரெக்கார்ட் ஆபீஸ், ஓய்வு தேதி, பி.பி.ஓ. எண். இதையெல்லாம் டிஸ்சார்ஜ் புக்கைப் பார்த்தே அடிங்க, ஞாபகத்தில் அடிக்காதீங்க. ஸ்பர்ஷில் வந்த புது பி.பி.ஓ. எண்ணும் பழைய பி.பி.ஓ. எண்ணும் வேற வேற. எந்தக் காகிதத்தை ஏற்றுறீங்களோ அதில் இருக்கும் எண்ணைத்தான் கட்டத்தில் போடணும்.

அடுத்து சார்ந்தோர் விவரம், புகைப்படம், கையெழுத்து, சான்றுகள். ஒவ்வொரு கோப்புக்கும் அளவு அந்த இடத்திலேயே எழுதியிருக்கும், அதை மீறினால் ஏறாது. கைப்பேசியில் சாய்வா எடுத்த படம், ஓரம் வெட்டுப்பட்ட ஆதார், நிழல் விழுந்த டிஸ்சார்ஜ் புக் எல்லாம் ஏறிடும், ஆனா சரிபார்க்கும் இடத்தில் திரும்பும். ஸ்கேன் கடையில் தட்டையா வைச்சு எடுங்க. பழைய டிஸ்சார்ஜ் புக்கில் மை மங்கிப் போயிருந்தால் கலர் ஸ்கேன் எடுத்தால் தெளிவா வரும்.

உறுதிமொழிப் பத்திரத்தில் நிறையப் பேர் மாட்டறாங்க. அதுக்கு இ.சி.எச்.எஸ். ஒரு மாதிரி வாசகம் கொடுத்திருக்குது. பத்திரம் எழுதுபவர் தன் பழக்கத்தில் வேற வாசகம் எழுதிட்டால் செல்லாது. மாதிரியை அச்செடுத்துக் கையில் கொண்டு போய் அதே சொல்லில் அடிக்கச் சொல்லுங்க. முத்திரைத்தாள் படைவீரர் பெயரில் வாங்கணும், நோட்டரி முத்திரை பக்கத்துக்குப் பக்கம் விழணும், சார்ந்தோர் பெயர் ஒவ்வொன்றும் ஆதாரில் உள்ளபடியே இருக்கணும்.

2003 ஏப்ரல் 1க்குப் பின் ஓய்வு பெற்றவங்க பி.பி.ஓ.வில் சந்தா பிடித்த வரி இருக்கான்னு தேடுங்க. அந்த வரி இல்லைன்னா பிடிக்கவில்லைன்னு அர்த்தம். அப்போ எம்.ஆர்.ஓ. (அரசுக் கணக்கில் பணம் கட்டும் ராணுவப் படிவம்) மூலம் கட்டி அந்த ரசீதை ஏற்றணும். ரசீதில் பணி எண்ணும் பெயரும் சரியா விழுந்திருக்கான்னு கட்டும் இடத்திலேயே பார்த்திடுங்க.

சமர்ப்பிச்சதும் டெம்பரரி ஸ்லிப் வரும். கார்டு கைக்கு வரும்வரை அதை வைச்சே பாலிகிளினிக்கில் பார்க்கலாம். அதில் செல்லுபடித் தேதி இருக்கும், அதைக் கண்ணில் வைச்சுக்கோங்க.

#7 | அமராவதி

அம்மா அப்பாவைச் சேர்ப்பது பற்றி யாரும் எழுதவில்லையே. அதில்தான் நம் பக்கத்தில் அதிகச் சண்டை. தோட்டம் அப்பா பெயரில் பட்டா இருந்தாலே சேர்க்க முடியாது என்று சொல்றாங்களே, அது சரிதானா?

#8 | நொய்யல்

சரியில்லைங்க. பட்டா யார் பெயரில் என்பது விதியில் இல்லை. அம்மா அப்பா இருவருக்கும் சேர்த்து, எல்லா வழியிலும் வரும் மாத வருமானம் 9,000 ரூபாயும் அதற்குரிய அகவிலைப்படியும் சேர்ந்த தொகைக்குள் இருக்கணும். அவங்க படைவீரரைச் சார்ந்து, வழக்கமாக அவரோடு வாழ்பவங்களாக இருக்கணும். விதி இவ்வளவுதான்.

#9 | சென்னிமலை அடிவாரம்

நொய்யல் சொன்ன விதி சரி. ஆனால் "எல்லா வழியிலும்" என்ற சொல்லை லேசாக எடுத்துக்கக் கூடாதுங்க. தென்னந்தோப்பில் காய் வெட்டி விற்பது, மஞ்சள் மூட்டை, பால் ஊற்றும் சொசைட்டிப் பணம், தறி ஷெட் வாடகை, நிரந்தர வைப்பு வட்டி எல்லாம் அதில் சேரும். தாசில்தார் வருமானச் சான்று இ-சேவையில் வாங்கும்போது பொத்தாம்பொதுவாக ஒரு தொகை போட்டு வாங்கி, பத்திரத்தில் வேறு தொகை எழுதினால் அங்கேயே மாட்டும். இரண்டிலும் ஒரே தொகை, அதுவும் உண்மையான தொகை இருக்கணும். பொய்யான உறுதிமொழி என்று தெரிந்தால் அந்த ஒரு கார்டோடு போகாது. செலவு செய்த பணத்தைத் திரும்பக் கேட்பாங்க, முழு உறுப்பினர் நிலைக்கே ஆபத்து.

வருமானம் கூடுதல் என்பதால் சேர்க்க முடியாத பெற்றோருக்கு வேறு வழி உண்டு. 70 வயது கடந்தவங்களுக்கு வருமானம் பார்க்காமல் ஆயுஷ்மான் பாரத் திட்டத்தில் ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய் வரை கிடைக்கும். 70 ஆகாதவங்க, குடும்ப ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் இருந்தால் முதலமைச்சர் காப்பீட்டுத் திட்டம்.

#10 | அமராவதி

அப்படியானால் 70 கடந்த படைவீரரே இரண்டையும் வைத்துக்கொள்ளலாமா?

#11 | சென்னிமலை அடிவாரம்

முடியாதுங்க. இ.சி.எச்.எஸ். உள்ளவர் இரண்டில் ஒன்றைத் தேர்ந்தெடுக்கணும். கார்டு கையில் இருக்கும்போது, யாரோ முகாம் போட்டு இலவசமாகப் பதிவு செய்கிறாங்க என்று கைரேகை வைத்துவிடாதீங்க. 5 லட்சத்துக்காக வரம்பில்லாததை விடுவது கூடவே கூடாது.

#12 | காங்கேயம் களம்

பிள்ளைகள் விதியையும் இங்கேயே போட்டுடறேன். மகனுக்கு 25 வயது, சம்பாதிக்கத் தொடங்கும் நாள், கல்யாண நாள், இந்த மூன்றில் எது முதலில் வருதோ அதுவரை. திருப்பூர் பனியன் கம்பெனியில் 20 வயதில் சேர்ந்து இ.எஸ்.ஐ. பிடிக்கத் தொடங்கிட்டால் அன்றோடு அவருக்கு இங்கே தகுதி போச்சு. மகளுக்கு வயது வரம்பு இல்லை, வேலை கிடைக்கும்வரை அல்லது கல்யாணம்வரை. கணவரை இழந்து அல்லது விவாகரத்தாகி வீட்டோடு வந்து சார்ந்திருக்கும் மகளை மறுபடி சேர்க்கலாம். விவாகரத்துக்கு நீதிமன்றத் தீர்ப்பு நகல் வேணும், ஊர்ப் பஞ்சாயத்தில் எழுதிய காகிதம் செல்லாது.

நிரந்தரமாக 40 சதவீதமோ அதற்கு மேலோ ஊனமுள்ள பிள்ளைக்கு வயது வரம்பே இல்லை. இது தெரியாமல் 25 வயதில் கார்டு முடிஞ்சதுன்னு விட்டுடறாங்க. அரசு மருத்துவக் குழுவின் சான்றும், பணிப் பதிவில் அந்தப் பிள்ளையின் பெயரும் இருந்தால் போதும். தயவுசெய்து இதை உங்க ஊரில் தெரிந்த குடும்பத்துக்கு எடுத்துச் சொல்லுங்க. மாதாமாதம் மருந்துக்குக் கடன் வாங்குகிற வீடுகள் இவைதான்.

#13 | வெள்ளகோவில் மல்லிகா

கணவரை இழந்தவங்களுக்கான நடைமுறையைத் தனியாகச் சொல்லணும்ங்க. வீட்டுக்காரர் இறந்ததும் பழைய கார்டை அப்படியே வைத்துக்கொண்டு போனால் எந்த நேரமும் நின்றுவிடும். மனைவி இப்போது சார்ந்தவர் இல்லை, அவரே முதன்மை உறுப்பினர். இறப்புச் சான்று, குடும்ப ஓய்வூதிய பி.பி.ஓ., தன் ஆதார், பான் வைத்துப் புதிதாக விண்ணப்பிக்கணும். சந்தா ஏற்கெனவே கட்டியிருந்தால் மறுபடி கட்ட வேண்டியதில்லை.

கணவர் 2003க்கு முன் ஓய்வு பெற்று, சேராமலே இறந்திருந்தாலும் குடும்ப ஓய்வூதியம் வாங்கும் மனைவி இப்போது சேரலாம். கணவர் 1996க்கு முன் ஓய்வு என்றால் இவங்களுக்கும் சந்தா இல்லை. கிராமத்தில் இருக்கும் வயதான அம்மாக்கள் பலருக்கு இது தெரியாது. ஓய்வூதியம் வருது, அதோடு சரி என்று இருந்துடறாங்க.

இதில் வரும் சிக்கல் ஒன்று: பி.பி.ஓ.வில் மனைவி பெயர் "சரஸ்வதி", ஆதாரில் "சரசாள்". குடும்ப ஓய்வூதியம் தொடங்கும்போதே ஸ்பர்ஷில் இதைச் சரிசெய்து திருத்திய பி.பி.ஓ. வாங்கிட்டால் கார்டுக்குத் தனியாக அலைய வேண்டியதில்லை. வரிசை மாற்றிச் செய்தால் இரண்டு இடத்திலும் திருத்தணும்.

#14 | கொடுமுடி

ஓய்வூதியம் இல்லாமல் வந்தவங்களுக்கு என்ன வழின்னு யாராவது சொல்லுங்க. 15 வருசம் முடிக்காமல் வந்தவர்.

#15 | நொய்யல்

பொதுவாக இ.சி.எச்.எஸ். கிடையாதுங்க. 4 வருசம் முடித்து வரும் அக்னிவீரர்களுக்கும் இல்லை. ஊனமுற்றோர் ஓய்வூதியம் உள்ளவர் என்றால் உண்டு, பணிக்காலம் எவ்வளவு குறைவாக இருந்தாலும். டிஸ்சார்ஜ் புக்கில் மருத்துவக் காரணத்தால் வெளியேற்றம் என்று இருந்தால் முதலில் அந்த ஓய்வூதியத் தகுதியைத் தீர விசாரியுங்க.

ஓய்வூதியம் இல்லாத ஹவில்தார் வரையிலான முன்னாள் படைவீரருக்கும், அவரை இழந்த மனைவிக்கும் கேந்திரிய சைனிக் போர்டில் (மத்திய அரசின் முன்னாள் படைவீரர் நல வாரியம்) மருத்துவ உதவித்தொகை உண்டு. அந்த போர்டின் இணையதளத்தில் விண்ணப்பித்து, மாவட்ட முன்னாள் படைவீரர் நல அலுவலகம் சரிபார்த்து அனுப்பணும். அசல் பில், டிஸ்சார்ஜ் சம்மரி எல்லாம் பத்திரமா வைங்க. அதோடு முதலமைச்சர் காப்பீட்டு அட்டையும் வாங்கிடுங்க.

#16 | சூலூர் நிழல்

கார்டு வந்ததும் வேலை முடிஞ்சதுன்னு பெட்டியில் வைச்சுடறாங்க. முடியலைங்க. தாய் பாலிகிளினிக்கில் கைரேகை வைத்து ஆக்டிவேட் பண்ணினால்தான் அது உயிர் பெறும். குடும்பத்தில் ஒவ்வொருத்தரும் நேரில் போகணும். ராத்திரி நெஞ்சுவலின்னு ஆஸ்பத்திரிக்கு ஓடின பிறகு கார்டு ஆக்டிவேட் ஆகலைன்னு தெரிஞ்சா முன்பணம் கட்டச் சொல்லுவாங்க.

காட்டு வேலை, தறி வேலை செய்த கைகளில் ரேகை தேய்ந்திருக்கும். போகும் முன் இரண்டு மூன்று நாள் தேங்காய் எண்ணெய் தடவி, அன்று காலை சோப்புப் போட்டு நன்றாகக் கழுவித் துடைத்துட்டு போங்க. கட்டைவிரல் விழலைன்னா எந்த விரல் தெளிவா விழுதோ அதை வைக்கச் சொல்லிக் கேளுங்க.

பயன்படுத்தும் முறை: சாதாரண நோய்க்கு முதலில் பாலிகிளினிக். அங்கே டாக்டர் பார்த்து, தேவைன்னா ராணுவ மருத்துவமனைக்கோ, அங்கீகரிச்ச தனியார் ஆஸ்பத்திரிக்கோ ரெஃபரல் (பரிந்துரைக் கடிதம்) போடுவார். ரெஃபரல் இல்லாம நேரா தனியார் ஆஸ்பத்திரி புறநோயாளிப் பிரிவுக்குப் போனால் பொதுவா பணம் கட்டித்தான் பார்க்கணும். ஆஸ்பத்திரி அங்கீகாரம் பெற்றது என்பது மட்டும் பார்க்காதீங்க, எந்தப் பிரிவுக்குன்னு பாருங்க. கண்ணுக்கு மட்டும் அங்கீகாரம் உள்ள இடத்தில் எலும்பு முறிவைப் பார்க்க மாட்டாங்க. ஒப்பந்தக் காலம் முடிஞ்சு புதுப்பிக்காத இடங்களும் இருக்கும். கோவை ரீஜனல் சென்டர் வட்டாரத்துப் பட்டியல் பாலிகிளினிக் பலகையில் இருக்கும். போகும்போதெல்லாம் ஒரு படம் எடுத்து வைச்சுக்கோங்க.

அவசரம்னா ரெஃபரல் வேண்டாம். அங்கீகரிச்ச ஆஸ்பத்திரிக்குக் கார்டோட போனால் பணம் இல்லாமல் சேர்க்கணும், இ.சி.எச்.எஸ்.க்குத் தகவல் கொடுப்பது அவங்க பொறுப்பு. அங்கீகாரம் இல்லாத ஆஸ்பத்திரிதான் பக்கத்தில் இருக்குன்னா உயிர்தான் முக்கியம், சேர்த்துடுங்க. ஆனால் 48 மணி நேரத்துக்குள் பக்கத்து பாலிகிளினிக்குத் தகவல் சொல்லணும். வாய்மொழியா சொல்லாதீங்க. எழுத்தில் கொடுத்து ஒப்புதல் வாங்குங்க, அல்லது மின்னஞ்சல் அனுப்புங்க. பணத்தை முதலில் நீங்க கட்டி, பிறகு கேட்டு வாங்கணும். சி.ஜி.எச்.எஸ். (மத்திய அரசு ஊழியர் மருத்துவத் திட்டம்) விகிதப்படிதான் திரும்பத் தருவாங்க, மிச்சம் நம் கைக்காசு. அதனால நிலைமை தேறினதும் அங்கீகரிச்ச ஆஸ்பத்திரிக்கு மாற்றிடுவது நல்லது. கோரிக்கையோடு வைக்க: ஆஸ்பத்திரி தரும் அவசரச் சான்று, டிஸ்சார்ஜ் சம்மரி, ஒவ்வொரு பில்லும் அசல், கார்டு நகல், ரத்து செய்த காசோலை. அவசரச் சான்றை டிஸ்சார்ஜ் ஆகும் அன்றே கேட்டு வாங்கிடுங்க.

#17 | கொடுமுடி

ஸ்பர்ஷில் வாழ்நாள் சான்று கொடுத்தாச்சு. அப்புறமும் சார்ந்தோர் கார்டு பிளாக் ஆயிருக்குன்னு வருதே?

#18 | சூலூர் நிழல்

இரண்டும் வேற வேறங்க. ஸ்பர்ஷ் வாழ்நாள் சான்று ஓய்வூதியத்துக்கு. கார்டுக்கு, சார்ந்தோர் இன்னும் தகுதியோடதான் இருக்காங்கன்னு ஆண்டுக்கு ஒருமுறை தனியா உறுதி செய்யணும். மகன் வேலைக்குப் போகலை, மகளுக்குக் கல்யாணம் ஆகலை, பெற்றோர் வருமானம் வரம்புக்குள், இதுக்கான காகிதங்களோட தாய் பாலிகிளினிக் போங்க. சரிபார்த்ததும் பிளாக் எடுத்துடுவாங்க. புதுக் கார்டுக்கு விண்ணப்பிக்க வேண்டாம்.

#19 | அமராவதி

கார்டு பஸ்ஸில் தொலைந்துபோனால்?

#20 | பவானிக்கரை

முதல் வேலையா இ.சி.எச்.எஸ். இணையக் கணக்கில் போய் அந்தக் கார்டை பிளாக் பண்ணுங்க. பிறகு தமிழ்நாடு காவல்துறை இணையதளத்தில் தொலைந்த ஆவண அறிக்கை பதிவு பண்ணி அச்செடுத்து, அதே கணக்கில் மறு கார்டுக்கு விண்ணப்பிங்க. ஒருத்தர் கார்டு தொலைந்தால் அவருக்கு மட்டும் போட்டால் போதும், குடும்பத்தில் மற்றவங்க கார்டு வழக்கம்போல ஓடும். டெம்பரரி ஸ்லிப் வந்ததும் இரண்டு பிரதி எடுத்து, ஒன்று வீட்டில், ஒன்று பையில்.